நினைவும் சாட்சியும்: திரைப்படத்தில் இறந்த துணை



தமிழ்த் திரைப்படத்தில் ஒரு மனைவி குறையே இல்லாதவளாக ஆவதற்கு நிச்சயமான வழி ஒன்று உண்டு. அவள் செத்துப்போக வேண்டும். உயிரோடு இருக்கிற மனைவி சந்தேகப்படுவாள், சீறுவாள், மாமியாரோடு மல்லுக்கு நிற்பாள், சம்பளத்தில் மிச்சம் எங்கே என்று கேட்பாள். இறந்த மனைவி சிரிப்பாள். மழையில் கை நீட்டுவாள். தூங்குகிற கணவனின் தலைமுடியைக் கோதுவாள். இதைக் கிண்டலாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த உருவம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அதைக் கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும். இறந்த துணையை உயர்த்தி நினைப்பதை நான் குறை சொல்லவில்லை. துயரத்தில் இருப்பவர் அப்படித்தான் நினைப்பார். நான் குறை காண்பது கேமராவிடம். ஒருவருடைய நினைவாக மட்டும் நிற்க வேண்டியதை அது தானே நேரில் கண்டதுபோல் சாட்சி சொல்லிவிடுகிறது. நினைவைக் குறுக்கு விசாரணை செய்யலாம். சாட்சியம் பதிவாகிவிட்டால் பார்வையாளர் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அந்தப் பொய்ச்சாட்சிக்கு விலை கொடுப்பவர்கள் இரண்டு பேர்: இறந்தவள் ஒருத்தி, அவளுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்தவள் இன்னொருத்தி.

பிளாஷ்பேக் என்னும் உத்தியிலிருந்தே தொடங்குகிறேன். கௌதம் வாசுதேவ் மேனனின் மூன்று போலீஸ் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 'காக்க காக்க' (2003), 'வேட்டையாடு விளையாடு' (2006), 'என்னை அறிந்தால்' (2015). மூன்றிலும் நாயகனுக்குரிய பெண் ஒருத்தி கொல்லப்படுகிறாள். முதல் இரண்டில் மனைவி. மூன்றாவதில் மனைவியாக வேண்டியவள். அட்லியின் 'தெறி'யில் (2016) மித்ரா கொல்லப்பட்ட பிறகு, அவள் கணவன் போலீஸ் வேலையை உதறிவிட்டு, கேரளத்தில் பேக்கரி நடத்திக்கொண்டு மகளை வளர்க்கிறான். இந்தப் பெண்களில் 'வேட்டையாடு விளையாடு' படத்தின் கயல்விழியையோ மித்ராவையோ நாம் எப்படி அறிகிறோம் என்று பார்த்தால், பெரும்பகுதி பாட்டின் வழியாகத்தான். மாண்டேஜ் பாட்டுக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. நான்கைந்து நிமிடத்துக்குள் பார்த்தல், பழகுதல், பெண் கேட்டல், தாலி கட்டுதல், ஒரே குடைக்குள் நடத்தல் எல்லாம் முடிய வேண்டும். சண்டைக்கு அங்கே இடம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது ஒரு சரணத்துக்குள் முகம் திருப்பி, அடுத்த வரியில் தோளில் சாய்கிற சண்டை. மருதத்துக்கு ஊடலை உரிப்பொருளாக வைத்த மரபு நம்முடையது. அங்கே ஊடலுக்குக் காரணம் இருக்கும், வாயில் மறுப்பு இருக்கும், பாணனைத் திட்டுவது இருக்கும். பாட்டில் வருகிற ஊடல் பாயசத்தில் முந்திரி. ஆக, இறந்த மனைவி குறையற்றவளாக இருப்பதற்கு முதற்காரணம் கணவனின் அன்பு கூட இல்லை, படத்தொகுப்பு மேசைதான். பாட்டுக்கு ஒத்துவராத அவளுடைய நாட்கள் எல்லாம் வெட்டப்பட்டுவிடுகின்றன.

வெட்டுவதில் தப்பில்லை; எல்லாக் கலையும் வெட்டத்தான் செய்கிறது. யார் கையில் கத்தரி இருக்கிறது என்பதைப் படம் சொல்கிறதா என்பதே கேள்வி. "என் மனைவி தேவதை" என்று ஒருவன் சொன்னால், சொல்கிறவன் கண்ணைப் பார்த்து நாம் எடை போடுவோம். அதையே காட்சியாக்கி, ஒளியமைத்து, பின்னணி இசை சேர்த்துக் காட்டினால், சொன்னவன் மறைந்துவிடுகிறான். அவள் தேவதையாக இருந்தாள் என்பது படத்தின் உலகத்தில் நடந்த உண்மை ஆகிவிடுகிறது. அதன் பிறகு அந்த வீட்டில் காலடி வைக்கிற எவளும் ஒரு மனிதனின் ஆசை நினைவோடு போட்டி போடவில்லை. நிரூபிக்கப்பட்ட உண்மையோடு போட்டி போடுகிறாள்.

இதற்கு நம்மிடம் உள்ள மிகச் செறிவான எடுத்துக்காட்டு, கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் 'கற்பகம்' (1963). கே.ஆர். விஜயாவின் முதல் படம். கற்பகத்தின் கணவன் சுந்தரமாக ஜெமினி கணேசன். மாமனார் நல்லசிவமாக எஸ்.வி. ரங்காராவ். கற்பகம் ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய் உயிரை விடுகிறாள். மருமகனை மகனாகவே பாவிக்கிற மாமனார் தாமே முன்னின்று இன்னொரு பெண்ணை அவனுக்குக் கட்டிவைக்கிறார். அமுதா என்ற அந்தப் பெண்ணாகச் சாவித்திரி நடித்தார். இந்தப் படத்துக்கு நான் ஒரு நியாயம் செய்தாக வேண்டும். கற்பகத்தை இது பிளாஷ்பேக்கில் கொண்டுவரவில்லை. நம் கண்முன்னே அவள் வாழ்ந்து, வேலை செய்து, பிறகு இறக்கிறாள். அந்த அளவில் இது நேர்மையான சாட்சி. சிக்கல் அவள் இறந்த பிறகு தொடங்குகிறது. சுந்தரத்தால் அமுதாவை ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை. அப்போது இறந்தவள் வந்து ஒரு பாட்டுப் பாடுகிறாள். வாலி எழுதி, விசுவநாதன் ராமமூர்த்தி இசையில் பி. சுசீலா பாடிய அந்தப் பாட்டு, அழாதே என்று கணவனைத் தேற்றுவதாகவே எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கிறது. ஆனால் அதன் நடுவில் ஒரு வாதம் ஒளிந்திருக்கிறது. உன் வீட்டில் இப்போது இருக்கிற பெண் வேறு யாரோ இல்லை, வேறொரு உடம்பில் வந்திருக்கிற நான்தான் என்று இறந்தவள் சொல்கிறாள்.

கதைக்கு இது பெரிய வசதி. இரண்டாம் மணம் துரோகம் இல்லை என்று ஆகிவிடுகிறது. பழைய மனைவியே உத்தரவு கொடுத்துவிட்டாள். போதாக்குறைக்கு, புதியவளே பழையவள்தான் என்றும் ஆகிவிட்டது. இதில் அமுதா என்ன ஆனாள் என்று யாரும் கேட்பதில்லை. அவளை ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், அவள் அவளாக இருப்பதை முதலில் மறுக்க வேண்டியிருக்கிறது. இறந்தவளுக்கும் இதில் மரியாதை செய்ததாக நான் நினைக்கவில்லை. திரும்பி வந்து ஒரு முறை பேச வாய்ப்புக் கிடைத்த பெண், தன் சாவைப் பற்றியோ தன் ஆசைகளைப் பற்றியோ ஒரு சொல் சொல்லாமல், கணவனின் இல்லறத்துக்குத் தடையில்லாச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். முப்பத்தைந்து ஆண்டு கழித்து இந்தியில் கரண் ஜோகரின் 'குச் குச் ஹோதா ஹை' (1998) இதே சான்றிதழைக் கடிதங்களாகப் பிரித்துக் கொடுத்தது. பிரசவத்துக்குப் பின் இறந்துபோகிற டீனா, மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறாள்; எட்டாவது கடிதத்தின் வேலை, கணவனை அவனுடைய பழைய தோழியோடு சேர்த்துவைப்பது. சாவுக்குப் பிறகும் இந்த மனைவிமாருக்கு வீட்டு வேலை தீர்வதில்லை.

இறந்ததாக நம்பப்பட்டவர் திரும்பி வரும் கதைகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. நினைவை அசலோடு ஒப்பிட்டுப் பார்க்க அவை ஒரு வாய்ப்புத் தருகின்றன. பீம்சிங்கின் 'பாலும் பழமும்' (1961) படத்தில் டாக்டர் ரவியின் மனைவி சாந்தி காசநோயாளி. கணவனின் ஆராய்ச்சிக்குத் தான் இடையூறாகிவிடக் கூடாது என்று வீட்டை விட்டுப் போகிறாள். விபத்தில் இறந்ததாக எல்லோரும் நம்புகிறார்கள். பெரியவர் ஒருவரின் வற்புறுத்தலால் ரவி நளினியை மணக்கிறான். அவளை மனைவியாக நடத்த அவனுக்கு மனம் வரவில்லை. பிறகு அவனுக்குப் பார்வை போகிறது. நோய் குணமான சாந்தி வேறு பெயரில் செவிலியாக வந்து, பார்வையற்ற கணவனுக்குப் பணிவிடை செய்கிறாள். இது எவ்வளவு அரிய வாய்ப்பு! கணவன் தன்னைத் தெய்வமாக்கி வைத்திருப்பதைப் பக்கத்தில் நின்று காதால் கேட்கிறாள். "நான் அப்படி இல்லையே" என்று ஒரு நொடி அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. ஏனென்றால் படத்தின் கணக்கில் அவள் அப்படித்தான் இருந்தாள். அசல் திரும்பி வந்து நகலுக்கு ஒப்பம் போட்டுவிடுகிறது. சௌகார் ஜானகி நடித்த நளினியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தும் அவளால் அந்த வழக்கில் ஜெயிக்க முடியாது, எதிர்க்கட்சிக்காரரே நீதிபதியாகவும் இருப்பதால்.

இதற்கு நேர் எதிரில் அட்லியின் 'ராஜா ராணி'யை (2013) வைத்துப் பார்க்கலாம். ஜான், ரெஜினா இருவரும் ஆளுக்கொரு சாவைச் சுமந்துகொண்டு மணமேடைக்கு வந்தவர்கள். ஜானின் கீர்த்தனா சாலை விபத்தில் இறந்தவள். ரெஜினாவின் சூர்யா தற்கொலை செய்துகொண்டதாக அவளுக்குச் செய்தி வந்தது. படத்தின் இறுதிப் பகுதியில் சூர்யா உயிரோடு நிற்கிறான். அவன் சாகவில்லை, அப்பாவுக்குப் பயந்து ஒதுங்கிப்போனவன் என்று தெரிந்ததும் ரெஜினாவின் நினைவில் இருந்த ஒளி அணைகிறது. 'பாலும் பழமும்' செய்யாத சோதனையை இந்தப் படம் செய்தது. அதற்கு நாம் நன்றி சொல்லலாம். ஆனால் யாருடைய நினைவைச் சோதித்தது என்பதையும் பார்க்க வேண்டும். பெண் போற்றி வைத்திருந்த ஆணின் நினைவு பொய்யென்று காட்டப்படுகிறது. ஆண் போற்றி வைத்திருந்த பெண்ணின் நினைவு கடைசிவரை கலையாமல் காப்பாற்றப்படுகிறது. கீர்த்தனா உண்மையாகவே இறந்தவள், ஆகவே என்றென்றும் குற்றமற்றவள். ரெஜினாவின் துக்கம் ஏமாந்த துக்கம், ஜானின் துக்கம் நியாயமான துக்கம் என்று ஒரே படத்துக்குள் இரண்டு தராசு.

அந்த இரண்டு தராசு தமிழ்த் திரையில் பழைய சாமான்தான். இறந்த கணவன் பெரும்பாலும் சுவரில் மாலை போட்ட படமாகவே இருப்பான். அவன் மனைவி அந்தப் படத்தின் முன் நின்று பேசுவாள், அழுவாள், மகன் மேல் சத்தியம் வாங்குவாள். அவன் பாட்டாக வருவது அபூர்வம். அவன் எப்படிப்பட்டவன் என்பது அவளுடைய வெள்ளைப் புடவையில் எழுதியிருக்கிறது என்று படம் எடுத்துக்கொள்கிறது. அவளுக்கென்று ஒரு பிளாஷ்பேக் செலவு செய்வதில்லை. விதிவிலக்காகச் சொல்லத்தக்க 'வாரணம் ஆயிரம்' (2008) படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கிருஷ்ணன் இறப்பதில் படம் தொடங்குகிறது. அவர் மனைவி மாலினி உயிரோடு இருக்கிறாள். நினைத்துப் பார்ப்பவனோ மகன் சூர்யா. கல்லூரிக் காலத்தில் கிருஷ்ணன் மாலினியைக் கண்டு காதலித்த கதை, அப்போது பிறந்தே இராத மகனின் நினைவோட்டத்தில் வருகிறது. அந்தக் காதலுக்கு உயிரோடு இருக்கிற ஒரே சாட்சி மாலினி. அவளைக் கூண்டில் ஏற்றவே இல்லை. ஒரு மகன் தந்தைக்குச் செலுத்துகிற அஞ்சலி என்ற அளவில் படத்தின் நெகிழ்ச்சி உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. இறந்த கணவனைப் பற்றி மனைவிக்கு என்ன நினைவு இருக்கிறது என்பதை மட்டும் நாம் கடைசிவரை அறிவதில்லை.

பெண்ணின் கையில் நினைவைக் கொடுத்த படம் மணிரத்னத்தின் 'மௌன ராகம்' (1986). மனோகர் கணவன் ஆகவில்லை. பதிவுத் திருமணத்துக்கு வருகிற வழியில் போலீஸ் துப்பாக்கிக்கு இரையாகிறான். ஆனாலும் இந்தப் பேச்சில் அவனுக்கு இடம் உண்டு, ஏனென்றால் திவ்யாவின் மண வாழ்க்கையில் இறந்த கணவனின் இடத்தில் இருப்பவன் அவன்தான். திவ்யா அவனை எப்படி நினைக்கிறாள்? தெருவில் ஒருவனை அடிக்கிற ரௌடியாக முதலில் பார்க்கிறாள், போலீசிடம் காட்டிக்கொடுக்கிறாள், பிறகுதான் காரணம் தெரிந்து மனம் மாறுகிறாள். அவன் தொல்லை கொடுக்கிறான், எல்லை மீறுகிறான், சிரிக்கவைக்கிறான். மனோகராக வரும் கார்த்திக் திரையில் இருப்பது கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எரிச்சலும் அசட்டுத்தனமும் உள்ள ஒரு ஆள் உருவாகிவிடுகிறான். அதனாலேயே திவ்யாவின் கணவன் சந்திரகுமாரும் தப்பித்தான். அவனுக்கு எதிரே நிற்பது சிலை இல்லை, இன்னொரு மனிதன். பிளாஷ்பேக்கில் நேரம் போதாது, நாயகனுக்குக் காரணம் கொடுத்துவிட்டு ஓட வேண்டும், குறைகளையெல்லாம் காட்டிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் படத்தையே பதிலாகச் சொல்வேன். பாட்டும் மாண்டேஜும் தாமே குற்றவாளிகள் என்றும் நான் சொல்லவில்லை. பிக்ஸாரின் 'அப்' (2009) படத்தின் தொடக்கத்தில் ஒரு முழு மண வாழ்க்கையே வசனம் இல்லாமல் சில நிமிடங்களில் ஓடிவிடுகிறது. அதற்குள் பிள்ளை இல்லாத துயரமும், பயணத்துக்கென்று சேர்த்த உண்டியல் அவசரச் செலவுகளுக்காகத் திரும்பத் திரும்ப உடைவதும் இருக்கின்றன. அதைவிட முக்கியமானது பின்னால் வருகிறது. மனைவியின் ஆசையை நிறைவேற்றாமல் விட்டோம் என்றே கிழவர் கார்ல் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவள் விட்டுச் சென்ற ஆல்பத்தின் கடைசிப் பக்கங்களை அவர் பார்க்கும்போது, அவளுடைய கணக்கு வேறாக இருந்தது தெரிகிறது. கணவனின் நினைவை இறந்தவளின் கையெழுத்தே திருத்துகிறது.

இப்போது என் வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்புக்கு வருகிறேன். துயரம் என்பதே இறந்தவரைக் குறையில்லாமல் பார்ப்பதுதானே. திரைப்படம் துயரத்தைக் காட்டும்போது அந்தப் பார்வையைக் காட்டாமல் வேறு எதைக் காட்டும்? மறுப்பின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதிக்குப் பதில், நல்ல இயக்குநர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். ஹிட்ச்காக்கின் 'ரெபெக்கா' (1940) முழுவதும் இறந்த மனைவியின் புகழால் ஆனது. அவள் அழகு, அவள் ரசனை, அவள் பெயரெழுத்துப் பொறித்த கைக்குட்டை என்று வீடு முழுக்க அவள்தான். இரண்டாம் மனைவிக்குப் பெயர்கூடக் கிடையாது. ஆனால் ரெபெக்காவின் முகத்தைப் படம் ஒரு தடவையும் காட்டவில்லை. புகழ்ச்சி எல்லாம் பேசுபவர் வாயிலேயே நிற்கிறது. அவள் இறந்த இரவில் நடந்ததைக் கணவன் விவரிக்கும்போதும் ஹிட்ச்காக் பின்னோக்கிப் போகவில்லை. அவள் எழுந்து நடந்ததாகச் சொல்லப்படும் வெற்றிடத்தைக் கேமரா பின்தொடர்கிறது, அவ்வளவுதான். தேவதை என்றவர்கள் சொன்னதற்கும் கேமரா ஒப்பமிடவில்லை; கொடியவள் என்று கணவன் சொன்னதற்கும் ஒப்பமிடவில்லை. அவன் சொல்வதுகூட அவன் கட்சி வாதம்தானே என்று சந்தேகப்பட நமக்கு இடம் வைத்திருக்கிறது. கேமரா வாய் மூடி இருப்பதும் ஒரு கலை.

தார்க்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' (1972) எதிர்த் திசையில் போய் அதே இடத்துக்கு வருகிறது. இறந்த மனைவி ஹரி, விண்வெளி நிலையத்தில் கணவன் கெல்வினின் நினைவிலிருந்து உருவெடுத்து வந்து நிற்கிறாள். அவளுடைய உடையைக் கழற்றப் போகும்போது, பின்புறம் கயிறு கோத்திருக்கிறது. ஆனால் அவிழ்ப்பதற்குத் திறப்பே இல்லை. கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. கெல்வினுக்குக் கயிறு நினைவிருந்தது, அவள் அந்த உடையை எப்படி மாட்டிக்கொண்டாள் என்பது நினைவில்லை. நினைவால் செய்த மனைவியின் இயல்பை இதைவிடச் சிக்கனமாக ஒரு படம் சொல்லி நான் பார்த்ததில்லை. நோலனின் 'இன்செப்ஷன்' (2010) இதையே கொஞ்சம் உரக்கச் சொல்கிறது: கடைசியில் காப், தன் மனத்துக்குள் வாழும் இறந்த மனைவி மால் உண்மையான மாலின் நிறைகுறைகளுக்கு ஈடாகாத ஒரு நிழல் என்று அவளிடமே ஒப்புக்கொள்கிறான். கீஸ்லோவ்ஸ்கியின் 'நீலம்' (1993) படத்தில் ஜூலி, விபத்தில் கணவனையும் மகளையும் இழந்தவள். கணவனுக்கு வேறொரு பெண்ணோடு உறவு இருந்ததும், அவள் கர்ப்பமாக இருப்பதும் பின்னால் தெரிகிறது. அதனால் ஜூலியின் துயரம் பொய்யாகிவிடவில்லை. அவள் அந்தப் பெண்ணுக்கு வீட்டைக் கொடுக்கிறாள். அந்தோணி மிங்கெல்லாவின் 'ட்ரூலி மேட்லி டீப்லி' (1990) படத்தில் நீனாவின் இறந்த காதலன் ஜேமி ஆவியாகவே திரும்பி வந்துவிடுகிறான். முதலில் ஆனந்தம். பிறகு அவன் வீட்டில் வெப்பத்தைத் தாறுமாறாகக் கூட்டிவைக்கிறான், செத்துப்போன கூட்டாளிகளை வரவேற்பறையில் உட்காரவைத்து விடிய விடிய வீடியோ பார்க்கிறான். அவன் உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான் படுத்தினான் என்பது அவளுக்கு மெல்ல மெல்ல நினைவுக்கு வருகிறது. இந்தப் படங்கள் எதிலும் இறந்தவர் மேல் உள்ள அன்பு குறையவில்லை. அன்பு வேறு, வாக்குமூலம் வேறு என்று அவற்றை எடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு மறுப்பு பண்பாட்டின் பெயரால் வரும். ஐரோப்பாவின் கதை அது. செத்தவரைக் குறை சொல்வது நம் வழக்கம் இல்லை என்பார்கள். நம் வழக்கத்தை அப்படிச் சுருக்கிவிட முடியாது. தொல்காப்பியம் காஞ்சித் திணையின் துறைகளில், மனைவியை இழந்தவன் நிலைக்குத் தபுதார நிலை என்றும், கணவனை இழந்தவள் நிலைக்குத் தாபத நிலை என்றும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. பெயர் சுட்டுவது இருப்பவரின் நிலையை. இறந்தவரின் பெருமையை அன்று. மனைவி இறந்தபோது சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை பாடியது புறநானூற்றில் 245ஆம் பாட்டாக இருக்கிறது. அதில் அவள் எப்படிப்பட்டவள் என்று ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பெண் என்பதற்கான பொதுச்சொல் ஒன்றைத் தவிர எதுவும் கிடையாது. அழகு இல்லை, கற்பு இல்லை, சமையல் இல்லை. இருப்பதெல்லாம் கள்ளி படர்ந்த களர்நிலம், விறகடுக்கு, தீ. அதன் பிறகும் தான் உயிரோடு இருப்பதைக் கண்டு அவன் வெட்கமும் வியப்பும் அடைகிறான். ஆளைக் கொல்லாத துயரத்தைப் பெரிய துயரம் என்று எப்படிச் சொல்வது என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். ஓர் அரசன், இறந்தவளைப் பற்றிப் பொய்யாக ஒரு சொல்லும் சொல்லாமல், முழுத் துயரத்தையும் சொல்லிவிட்டான்.

அரசர் பாட்டை விடுங்கள். ஊரில் சாவு வீட்டு ஒப்பாரியைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் புகழ்ச்சிக்குக் குறைவில்லை, வசைக்கும் குறைவில்லை. நட்டாற்றில் விட்டுவிட்டுப் போனவனைத் திட்டுவதும், மாமியார் வீட்டில் பட்டதைச் சபையில் அவிழ்ப்பதும், பங்காளியைச் சாடை பேசுவதும் அதற்குள் அடக்கம். பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குத் தீர்க்கும் உரிமையை மரபு பெண்களுக்குக் கொடுத்திருந்தது. இவை எல்லாவற்றுக்கும் மேலே, தமிழில் இறந்த கணவன் என்றால் கோவலன். அவனுக்காக ஒரு நகரமே எரிந்தது. அவன் மாதவியிடம் போனதை இளங்கோவடிகள் மறைத்தாரா? கொலைக்களக் காதையில், மேலோர் போற்றாத நடத்தை உங்களுடையது என்று கண்ணகியே அவன் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். அரசவையில் அவள் வழக்காடியது ஒரே ஒரு விஷயத்தை. சிலம்புக்குள் இருப்பது மாணிக்கம், முத்து இல்லை. ஆகவே என் கணவன் கள்வன் இல்லை. நல்ல கணவன் என்று அவள் எங்கும் வாதாடவில்லை. நிரூபிக்கக்கூடியதை மட்டும் சாட்சியாக வைத்தாள். அன்பை வழக்குக்குள் இழுக்கவில்லை. 1942இன் 'கண்ணகி'யானாலும் 1964இன் 'பூம்புகார்' ஆனாலும் கோவலனை உத்தமனாக்கிக் கதை சொல்ல முடியவில்லை. கதையின் எலும்பு அதற்கு இடம் தராது. செத்தவரைக் குறையோடு நினைப்பது நம் வழக்கமில்லை என்பவர்கள் முதலில் கண்ணகியிடம் பேசிவிட்டு வரட்டும்.

கடைசியாக மறுப்பவர் ஒன்றைச் சொல்லலாம்: கொடுமைக்கார மனைவியாக, அழுமூஞ்சி மனைவியாகக் காட்டுவதைவிடத் தேவதையாகக் காட்டுவது பெண்ணுக்குக் கௌரவம்தானே? மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) இதற்கு நல்ல மாற்று. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளைத்த அந்தப் படத்தில் லட்சுமி இறந்த பிறகு அவளுக்கு யாரும் ஒளிவட்டம் போடவில்லை. கணவன் சுந்தரவடிவேலுவுக்கு அவளை நினைத்து உருகும் எண்ணமே கிடையாது. அவள் பட்ட பாடும் பிள்ளைகளிடம் காட்டிய பரிவும் நாம் நேரில் பார்த்தவை. ஆகவே அவளை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. (அதே மகேந்திரன், 'தெறி'யில் மித்ராவின் சாவுக்குக் காரணமான வில்லனாக நடித்தார் என்பது வேடிக்கையான தற்செயல்.) லட்சுமிக்குக் கிடைத்த கௌரவம் மித்ராவுக்குக் கிடைக்கவில்லை. மித்ராவின் சாவு நாயகன் மறுபடி அடிக்க எழுவதற்கான காரணம். எழுந்ததும் அவள் வேலை முடிந்தது.

மறுபடி 'கற்பகம்' படத்துக்கே வருகிறேன். 1963இல் சாவித்திரி உச்ச நட்சத்திரம், கே.ஆர். விஜயா புதுமுகம். படத்தின் பெயரோ புதுமுகம் ஏற்ற பாத்திரத்தின் பெயர். இரண்டாம் மனைவிகளின் கதி இதிலேயே அடங்கியிருக்கிறது. எவ்வளவு பெரிய நடிகை வந்தாலும் வீட்டு வாசலில் முன்னவள் பெயர்தான் எழுதியிருக்கும். அந்தப் படத்தை அமுதாவின் பக்கம் நின்று யாராவது எடுத்திருந்தால், புகழ்பெற்ற அந்தப் பாட்டை அதில் வைத்திருக்க முடியாது. இறந்தவளின் குரல் கணவனுக்கு மட்டும் கேட்பது. அமுதாவுக்குத் தெரிந்திருக்கக்கூடியது இவ்வளவுதான்: ஓர் இரவு அவர் வெகுநேரம் தனியாக அழுதுகொண்டிருந்தார், பிறகு ஏனோ நிறுத்திவிட்டார், மறுநாள் காலையில் முதல் தடவையாகத் தன் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தது தன்னைத்தானா என்று அவள் யோசித்திருப்பாள்.